துணிக்குக் காவல் வந்த பீரங்கி

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் படம் எடுத்துக்கொள்வது பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றுதான். “இது யாரைச் சுட்டது?” என்று பிள்ளை கேட்கும். திப்பு சுல்தான் என்பார் ஒருவர், பிரெஞ்சுக்காரன் என்பார் இன்னொருவர். இரண்டு பதிலுக்கும் இடமுண்டு. ஆனால் அந்தப் பீரங்கி இங்கே வந்த கதை தெரிய வேண்டுமானால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும். இது எதைக் காக்க வந்தது?

துணியைக் காக்க வந்தது.

சோழமண்டலக் கரையில் நெய்து, சாயமேற்றி, பொதி கட்டிக் கப்பலேறிய பருத்தித் துணிக்காகத்தான் ஐரோப்பியர் இங்கே கிடங்கு கட்டினார்கள். கிடங்கைக் காக்க மதில் எழுப்பி, அதன் மேல் பீரங்கி ஏற்றினார்கள். பீரங்கிக்கு மருந்து வேண்டியிருந்ததால் மருந்தாலையும் வந்தது. முந்நூறு வருஷம் கழித்து எல்லாம் ஓய்ந்த பிறகு அந்த இரும்பையும் வெண்கலத்தையும் கூடத்தில் அடுக்கிச் சீட்டுக் கொடுத்துக் காட்டுகிறோம். இந்தக் கதை சென்னையில் தொடங்கவில்லை. வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்தை ஒட்டித் தொடங்குகிறது.

ஏரி முகத்தில் ஒரு கோட்டை

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஏரி கடலோடு கலக்கும் பக்கத்தில் வரிசையாக மீனவக் குப்பங்கள். அவற்றில் ஒன்று கோட்டைக்குப்பம். இறால் பிடிக்கும் இடங்களை ஊர்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறையில் பங்குள்ள ஊர் அது. பெயரில் இருக்கும் கோட்டையைப் பார்க்கலாம் என்று போகிறவருக்கு முள்செடி மண்டிய மேடும், சுற்றிலும் அகழி இருந்த தடமும்தான் கிடைக்கும். 1613இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சம் அவ்வளவுதான்.

டச்சுக்காரர்கள் ஏன் வந்தார்கள்? மிளகுக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. 1602இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது மொலுக்கா தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்களுக்கு வெள்ளி நாணயத்தில் பெரிய ஆசையில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலத்துச் சாயத் துணி. வெகுகாலமாக மலாக்கா வழியாக அவர்கள் உடுத்திப் பழகிய சரக்கு அது. துணி கொடுத்தால் கிராம்பு கிடைக்கும், துணி இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இதைக் கண்டுகொண்ட ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி, சோழமண்டலம் மொலுக்காவின் இடது கை என்று 1612 வாக்கில் மேலிடத்துக்கு எழுதினார்.

அந்தத் துணியின் பெருமைக்கு இந்த மணலுக்கும் பங்குண்டு. கடலோர மணற்பாங்கில் வளரும் சாயவேரிலிருந்து எடுக்கும் சிவப்பு, துவைக்கத் துவைக்க மங்காமல் பளிச்சிடும். அவுரியின் நீலத்தையும் அதோடு சேர்த்துவிட்டால் கட்டம் போட்ட துணிக்கு வேண்டிய நிறம் கிடைத்துவிடும். பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைக்குட்டை பின்னாளில் ஐரோப்பியச் சந்தையில் ஊர் பெயராலேயே விற்றது.

டச்சுக்காரர்கள் வந்தபோது கரையில் ஏற்கெனவே ஆள் இருந்தது. போர்த்துகீசியர் பழவேற்காட்டை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிந்தவர்கள். பக்கத்தில் சாந்தோம் அவர்களுடைய பலமான குடியிருப்பு. மீனவர், நெசவாளர், தெலுங்குச் செட்டிகள், தமிழ் முஸ்லிம் கப்பல் வணிகர் எல்லோரும் சேர்ந்து நடத்திவந்த பழைய துறைமுகம் இது. ஊர் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் ஆட்சியில், அவருடைய அரசி ஒருவரின் பொறுப்பில் இருந்தது. 1610இல் டச்சுக்காரர்களுக்குப் பண்டகசாலை வைக்க அனுமதி கிடைத்தது.

இரண்டு வருஷம்கூட நிம்மதியாகப் போகவில்லை. 1612 ஜூனில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அந்தப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். கதையின் திருப்பம் இதுதான். அதுவரை பூட்டும் காவலாளும் போதும் என்று இருந்த வியாபாரிகள் மதில் இல்லாமல் இங்கே சரக்கு வைக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். கம்பெனியின் கரை அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் முன்நின்று 1613இல் கோட்டையை முடித்தார். நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றி அகழி. தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரையே அதற்கு வைத்தார். 1616இல் சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடமானது கெல்டிரியா. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அந்தப் பதவி அதனிடமே இருந்தது.

கோட்டைக்குள் இருந்த காவற்படை நூறு பேருக்கும் குறைவு. ராஜ்ஜியம் பிடிக்க அது போதாது, கிடங்கைக் காக்கப் போதும். உள்ளே துணிப் பொதிகள் இருந்தன, நாணயம் அடிக்கும் கம்மடம் இருந்தது, கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். இன்னொரு சரக்கையும் சொல்லாமல் விடக் கூடாது. பஞ்ச காலத்திலும் போர்க் காலத்திலும் விலைக்கு வந்த மனிதர்களை அடிமைகளாக வாங்கி இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். மதில் மேல் இருந்த பீரங்கி அந்த வியாபாரத்துக்கும் காவல் நின்றது.

மருந்து பிறந்த இடம்

பீரங்கியை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்துவிடலாம். ஒரு தடவை கொண்டுவந்தால் தலைமுறைக்கும் கிடக்கும். மருந்து அப்படியில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கிலோக்கணக்கில் புகையாகப் போய்விடும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பல் வந்து சேர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். இரண்டு தடவை நிலநடுக்கோட்டைத் தாண்டிக் கப்பலின் அடித்தட்டு ஈரத்தில் கிடந்து வந்த மருந்து, வேண்டும் நேரத்தில் புஸ்ஸென்று அணைந்துவிடும். ஆகவே 1620களில் கம்பெனி பழவேற்காட்டிலேயே ஒரு வெடிமருந்தாலை போட்டது. அங்கே அரைத்த மருந்து பல பத்தாண்டுகள் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த டச்சுக் கோட்டைகளுக்கும், ஊர் திரும்பும் கப்பல்களுக்கும் போயிற்று. கிராம்புத் தீவுகளில் டச்சுக்காரர்கள் நடத்திய சண்டைகளின் புகையில் பழவேற்காட்டுக்கும் பங்குண்டு.

கருமருந்துக்கு மூன்று பொருள் போதும்: வெடியுப்பு, கரி, கந்தகம். நூறு பங்கில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பின்னாளில் நிலைத்த கணக்கு. கரி எரியும், கந்தகம் சீக்கிரம் பற்றவைக்கும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால்தான் வெளிக்காற்றே புகாத பீரங்கிக் குழாயின் அடியிலும் மருந்து எரிகிறது. எரிந்ததும் பலமடங்கு பெருகும் வாயு குண்டை வெளியே தள்ளுகிறது.

மூன்றிலும் முக்கால் பங்கு வெடியுப்பு என்பதால் அது கிடைக்கும் தேசத்தில்தான் மருந்து மலிவு. மாடு கட்டிய இடத்து மண், பழைய குடியிருப்பு மண், சுவரடியில் வெள்ளை பூத்த மண் இவற்றைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, காய்ச்சினால் வெடியுப்பு கிடைக்கும். நம் ஊர்களில் இது பழைய தொழில். பின்னர் பீகாரின் வெடியுப்பு வங்கத் துறைமுகங்கள் வழியாக ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஐரோப்பியக் கம்பெனிகள் எல்லாம் அங்கே ஓடின. கரி நம் காட்டு மரத்தில் கிடைத்துவிடும். கந்தகம் மட்டும் இந்த மண்ணில் இல்லை, கடல் வழி வந்தாக வேண்டும்.

உப்பங்காற்று வீசும் ஏரிக்கரையில் மருந்து செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்த வெடியுப்பில் சோற்றுப்பும் கலந்திருக்கும். சோற்றுப்பு ஈரத்தை இழுக்கும், மருந்து நமுத்துப்போகும். அதைப் பிரிக்கும் வழி எளிது, நுட்பமானது. வெடியுப்பு கொதிநீரில் ஏராளமாகக் கரையும், தண்ணீர் ஆற ஆற அதில் நிற்க முடியாமல் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். சோற்றுப்போ சூட்டிலும் குளிரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும், ஆகவே தண்ணீரிலேயே தங்கிவிடும். மேல்நீரை வடித்துவிட்டு அடியில் படிந்ததை எடுத்து மறுபடி காய்ச்சினால் இன்னும் சுத்தமாகும். வேதியியல் என்ற படிப்பு வருவதற்கு முன்பே அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது.

பிறகு அரைப்பு. மூன்றையும் உலர்த்திப் பொடியாக்கிக் கலந்து அப்படியே பீப்பாயில் அடைத்தால், குலுக்கலில் கனமானது கீழேயும் லேசானது மேலேயும் பிரிந்துவிடும். அதனால் ஈரம் தெளித்துச் சேர்த்தரைத்து, கட்டியாக்கி, உடைத்து, சல்லடையில் சலித்துக் குருணையாக்குவார்கள். குருணைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தீ ஒரே நொடியில் எல்லா இடத்துக்கும் பரவும். பீரங்கிக்குப் பெரிய குருணை, கைத்துப்பாக்கிக்குச் சிறிய குருணை. இரும்பு இரும்போடு உரசினால் பொறி பறக்கும் என்பதால் மருந்தாலையில் மரக் கருவியும் செம்புக் கருவியும்தான்.

இதே ஏரியின் கிழக்குக் கரையாக நீளும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் எழும்பியது. இன்று அங்கே ராக்கெட்டுகளுக்கான திட எரிபொருளை வார்க்கிறார்கள். எரிபொருளையும் பிராணவாயு தரும் உப்பையும் ஒன்றாகக் கலந்து திடமாக்குவது என்ற அடிப்படை மாறவில்லை, கலக்கும் பொருள்கள்தான் மாறின. சுமார் முந்நூற்றைம்பது வருஷ இடைவெளியில் ஒரே ஏரிக்கரையில் இரண்டு முறை இந்த வேலை நடந்திருக்கிறது.

அண்டை வீட்டுச் சண்டையில் பிறந்த சென்னை

இங்கிலீஷ்காரர்கள் இந்தக் கதைக்குள் பழவேற்காட்டின் வாடகைக் குடித்தனக்காரராகத்தான் நுழைந்தார்கள். 1619இல் லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்த முதலாளிகள் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டதால், 1621இல் இங்கிலீஷ் வியாபாரிகள் பழவேற்காட்டுக்கு வந்து டச்சுக்காரர்களோடு சேர்ந்து துணி வாங்கத் தொடங்கினார்கள். கோட்டைக் காவலின் செலவில் அவர்களும் பங்கு கொடுக்க வேண்டும். கோட்டை ஒருவருடையது, செலவு இருவருடையது என்றால் எத்தனை நாள் ஒத்துப்போகும்? இரண்டே வருஷத்தில் கிளம்பிவிட்டார்கள்.

போனவர்கள் தூரமாகப் போகவில்லை. 1626இல் ஏரியின் வடகோடியை ஒட்டிய கடற்கரையில் அருமகான் என்று அவர்கள் அழைத்த இடத்தில் இறங்கினார்கள். இன்று ஆந்திரத்தில் இருக்கும் துகராஜபட்டினம்தான் அது. 1628 வாக்கில் அங்கே 12 பீரங்கியும் 23 ஆட்களும் காவல் இருந்ததாக ஆவணம் சொல்கிறது. இந்தியாவில் இங்கிலீஷ் கம்பெனி அரண் கட்டிக் குடியிருந்த முதல் இடம் என்று அருமகானைச் சொல்வது வழக்கம்.

அரண் இருந்தது, நல்ல துணி கிடைக்கவில்லை. அருமகானில் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போனார். மதராசப்பட்டினம் என்ற மணல் திட்டு அவருக்குப் பிடித்துப்போனதற்கு அழகான துறைமுகம் காரணமில்லை, அங்கே துறைமுகமே கிடையாது. அந்தப் பக்கத்து நீளத்துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்பதுதான் கணக்கு. 1639 ஆகஸ்டில் அந்தப் பகுதியை ஆண்ட தாமல் வேங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி வாங்கினார். 1640 பிப்ரவரியில் கம்பெனியின் மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனோடு வந்து இறங்கினார். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளுக்குள் முதல் கட்டுமானம் எழுந்தது. கோட்டைக்கு அந்தப் பெயரே நின்றது.

ஆக, சென்னைக் கோட்டை பழவேற்காட்டுக் கோட்டையோடு நடந்த போட்டியில் பிறந்த பிள்ளை. இரண்டையும் பெற்றெடுத்தது நெசவாளியின் தறி.

பீரங்கிகள் இறங்கிய விதமும் இங்கே சொல்ல வேண்டியது. கப்பல் தூரத்தில் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டி எது கரைக்கு வந்தாலும் கயிற்றால் தைத்த மசூலாப் படகிலோ கட்டுமரத்திலோதான் வரும். கவர்னரும் அப்படித்தான் வந்தார், குதிரையும் பீரங்கிக் குண்டும் அப்படித்தான் வந்தன. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் உடைந்துவிடும், கயிற்றுத் தையல் வளைந்து கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டும்வரை சென்னையின் ஆயுதபலம் முழுவதும் கரையோர மீனவர் தோளில்தான் இறங்கியது.

காவல் எஜமானனான கதை

கிடங்குக்குக் காவலாக வந்த பீரங்கி நூறு வருஷம் அடக்கமாகத்தான் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கடல் வழி வந்து சில நாளிலேயே கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் உடன்படிக்கையின் பேரில் திரும்பக் கிடைத்தது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார். இந்த முறை கோட்டை தாக்குப்பிடித்தது. பட்ட அடியில் பாடம் கற்ற கம்பெனி மதிலைப் பெரிதாக்கி, கொத்தளங்களைக் கூட்டி, இன்று நாம் பார்க்கும் உருவத்துக்குக் கோட்டையைக் கொண்டுவந்தது. அதற்கான பணத்தில் துணி லாபம் குறைந்து நிலவரி கூடிக்கொண்டே போயிற்று. காவல்காரன் வீட்டுக்காரனான காலம் அது.

கெல்டிரியாவின் பக்கம் காற்று எதிராக அடித்தது. 1781இல் இங்கிலீஷ்காரர்கள் அதைப் பிடித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் மறுபடி பிடித்தார்கள், 1818இல் மறுபடி கொடுத்தார்கள். 1825இல் உடன்படிக்கைப்படி ஒரேயடியாகக் கைமாறியது. அதற்குள் கோட்டையும் இடிந்து, ஊரின் வியாபாரமும் சென்னைக்குப் போய்விட்டது. நுழைவாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் பழவேற்காட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அங்கே ஒரு கல்லறைப் பலகையில் கெல்டிரியா கோட்டையின் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். கோட்டை எப்படி இருந்தது என்பதற்கு ஊரிலேயே கிடைக்கும் சாட்சி அதுதான்.

ஆயுதம் காட்சிப்பொருளாவது

பழைய ஆயுதம் அருங்காட்சியகத்துக்கு வரும் வழி மூன்று. தோற்றவனிடம் பறித்தது ஒன்று. காலம் கடந்து பயனற்றுப்போனது இன்னொன்று. சட்டம் போட்டு வாங்கியது மூன்றாவது.

மூன்றாவது வழி தென்னாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பரிலேயே பாளையக்காரர் சீமையில் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது மதராஸ் அரசு. வேலும் வளரியும் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கின. 1878இல் ஆயுதச் சட்டம் இதை நாடு முழுவதற்குமாக்கியது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பொருள் கண்ணாடிப் பேழையில் பார்க்கும் அபூர்வமானது இப்படித்தான்.

தஞ்சாவூர் ஆயுதசாலையின் முடிவு இன்னும் வருத்தமானது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த கட்டாரி, வாள், கேடயம், அங்குசம் எல்லாம் அரண்மனையில் குவிந்து கிடந்தன. அதில் ஒரு பகுதி 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. பெரும்பகுதி பழைய இரும்பாக உடைந்து போயிற்று, கொஞ்சம் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கைக்குப் போனது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்று தஞ்சைக் கட்டாரிகளைப் பார்க்கலாம். யானைத் தந்தத்தில் செய்த வளரி தஞ்சை ஆயுதசாலையிலிருந்து, இன்று எழும்பூரில் இருக்கும் அந்தச் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. கவசமும் வாளும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோட்டையோடு நிற்காமல் எழும்பூர் ஆயுதக் கூடத்துக்கும் போக வேண்டும்.

கோட்டைக்குள் ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்ற யோசனை ஆங்கில ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் லெப்டினென்ட் கர்னல் டி.எம். ரீட் என்பவரிடமிருந்து வந்தது. கோட்டையிலும் சுற்றிலும் கிடந்த பழம்பொருள்களைத் திரட்டும் வேலை நடந்தது. புனித மேரி ஆலயம் தன்னிடமிருந்த வெள்ளிப் பாத்திரங்களையும் பழைய ஆவணங்களையும் கொடுத்தது. 1948 ஜனவரி 31 அன்று மக்களுக்குத் திறந்தார்கள். ஆங்கிலேயர் போய் ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

ஆயுதம் வைக்கத் தேர்ந்த கட்டடத்தையும் கவனிக்க வேண்டும். அது படைவீடாகக் கட்டியதில்லை. 1795இல் முடிந்த அந்த மாளிகையில் கீழே வங்கி, மேலே வியாபாரிகள் கூடும் பொதுப் பரிவர்த்தனை மண்டபம். கப்பல் வரவும் சரக்கு விலையும் பேசிய இடம். 1796 முதல் 1844 வரை அதன் மொட்டை மாடியில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு தேங்காயெண்ணெயில் எரிந்தது. துணிக் கணக்குப் பார்த்த வீட்டில் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து வைத்தது தற்செயல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

பீரங்கியைப் படிப்பது எப்படி

கூடத்தில் வாள், குத்துவாள், கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி, குட்டைப் பீரங்கி, குண்டுகள், சீருடை, பதக்கம் என்று வரிசையாக இருக்கும். பத்து நிமிஷத்தில் சுற்றிவிட்டுப் போகலாம். கொஞ்சம் நின்றால் அவையே பேசும்.

துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டியது பூட்டு. புகையும் திரியைக் கவ்வும் கொக்கி இருந்தால் திரித்துப்பாக்கி, மழையில் உதவாது. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருந்தால் அடுத்த தலைமுறை, 18ஆம் நூற்றாண்டுப் போர்கள் பெரும்பாலும் இதில் நடந்தவை. சிறு செம்புத் தொப்பியைத் தட்டும் சுத்தியல் இருந்தால் 19ஆம் நூற்றாண்டு.

பீரங்கியில் பின்பக்கம் மேலே ஒரு சிறு துளை இருக்கும். தீ வைக்கும் இடம். எத்தனை வெடி வெடித்ததோ அத்தனைக்கு அது தேய்ந்து அகன்றிருக்கும். குழாயின் முதுகில் அரச முத்திரை. ‘ஜி’, ‘ஆர்’ என்ற எழுத்துகளும் கிரீடமும் இருந்தால் ஜார்ஜ் மன்னர் காலம், ‘வி’, ‘ஓ’, ‘சி’ மூன்றும் பின்னியிருந்தால் டச்சுக் கம்பெனி. ஆங்கிலப் பீரங்கியில் கோடிட்ட மூன்று எண்கள் தென்பட்டால் அவை எடை. 12–2–10 என்றிருந்தால் 112 பவுண்டு கொண்ட அலகில் 12, 28 பவுண்டு கொண்ட அலகில் 2, மிச்சம் 10 பவுண்டு. கூட்டினால் 1,410 பவுண்டு, சுமார் 640 கிலோ. அதை மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டியவர்களை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

கம்பெனித் துப்பாக்கி எதையாவது பார்த்தால் பூட்டுத் தகட்டை உற்றுப் பாருங்கள். இதயம் போன்ற ஒரு உருவம், உள்ளே கோடு கிழித்துக் கம்பெனியின் பெயரெழுத்துகள், தலையில் 4 என்ற எண்ணைப் போல ஒரு குறி. அது போர்ச் சின்னமே கிடையாது. கப்பலில் ஏற்றும் சரக்குப் பொதிகளில், இன்னார் சரக்கு என்று அடையாளம் தெரிய மையால் குத்திய பொதி முத்திரை. 1808இல் சிங்க முத்திரை வரும்வரை கம்பெனி தன் துப்பாக்கிகளில் அதையே பதித்தது. துணிப் பொதிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே முத்திரை. இந்தக் கட்டுரை இவ்வளவு நேரம் சொல்லிவந்ததை அந்தத் தகடு ஒரு அங்குலத்தில் சொல்லிவிடுகிறது.

அதே அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை 2013 ஜனவரி 26 முதல் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். தூய பட்டில் செய்தது, சுமார் 12 அடிக்கு 8 அடி. இத்தனை இரும்புக்கு நடுவே வெளிச்சமும் ஈரமும் படாமல் அதிகக் கவனத்தோடு காக்கும் பொருள் ஒரு துணிதான்.

பீரங்கிகளை மட்டும் வரிசைப்படுத்தினால் அது படைவீரர் கதையாக முடிந்துவிடும். சாயவேர் தோண்டியவர், தறியில் உட்கார்ந்தவர், வெடியுப்புக் காய்ச்சியவர், படகு தள்ளியவர் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். கோட்டைக்கூடத்தில் ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில் கட்டி முடித்த ஒரு துணிப் பொதியையும், ஒரு கை வெடியுப்பையும், பழவேற்காட்டின் படத்தையும் வைத்தால் கதை முழுசாகும். கோட்டைக்குப்பத்து மேட்டையும் முறையாகத் தோண்டிப் பார்த்து, இங்கே என்ன இருந்தது என்று தமிழில் ஒரு பலகையாவது எழுதி வைக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளைகளோடு போக நினைக்கிறவர்கள் அந்த வெள்ளிக்கிழமையில் பழவேற்காட்டை முதலில் பார்த்துவிட்டு, மறுநாள் கோட்டைக்குப் போங்கள். கதையை அது நடந்த வரிசையில் பார்த்த மாதிரி இருக்கும்.